அப்டேட் போட்டாயிற்று, ஓடிக்கொண்டிருப்பது எது?

லினக்ஸில் அப்டேட் போடுவது சுலபமான வேலை. டெர்மினலில் ஒரு வரி தட்டி, கடவுச்சொல்லைக் கொடுத்து, 'ஒய்' அழுத்தினால் எழுத்துகள் மளமளவென்று ஓடி நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுவோம். நானும் பல காலம் அப்படித்தான் எழுந்து போனேன். ஒருநாள் வேறு காரணத்துக்காக ஒரு சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிரலின் நிலையைப் பார்த்தேன். 'ஆக்டிவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏழு வாரத்துக்கு முந்தைய தேதி இருந்தது. அந்த ஏழு வாரத்துக்குள், அதன் மறையாக்கத்துக்கு உதவும் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை இரண்டு தடவை போட்டிருந்தேன். வட்டில் உட்கார்ந்திருந்தது புதுசு. வெளியே இருந்து வந்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது பழசு.

மென்பொருள்களை நிறுவித் தரும் பேக்கேஜ் மேலாளரிடம் கேட்டால், "புதிய பதிப்பு நிறுவப்பட்டுள்ளது" என்று சொல்லும். அது பொய்யில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டியது இன்னொரு கேள்வி: இந்த நிமிடம் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது எந்தப் பதிப்பு? அதைக் கண்டுபிடிக்கும் வழிகளையும், பழசு ஓடினால் என்ன செய்வது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதினேன்.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைகளை எல்லாம் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நான் வேறாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் சிறிய எழுத்துதான்.

ஏன் இப்படி நடக்கிறது

விண்டோஸிலிருந்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். அங்கே பயன்பாட்டில் இருக்கும் கோப்பை மாற்றப் போனால் பெரும்பாலும் முடியாது என்று மறுத்துவிடும். அதனால்தான் அடிக்கடி ரீஸ்டார்ட் கேட்கும். லினக்ஸ் மறுப்பதில்லை. கோப்பின் பெயர் வேறு, கோப்பின் உள்ளடக்கம் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறது. பெயர் என்பது அடைவில் ஒட்டிய ஒரு சீட்டு. அது 'ஐநோட்' எனப்படும் உள்ளடக்கப் பதிவைச் சுட்டுகிறது. அப்டேட் நடக்கும்போது புதிய கோப்பு முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதப்படும். பிறகு பழைய சீட்டைக் கிழித்து, அதே பெயரைப் புதிய உள்ளடக்கத்துக்கு ஒட்டிவிடும். பழைய உள்ளடக்கத்தை ஏதாவது ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், பிடித்துக்கொண்டிருக்கும்வரை லினக்ஸின் மையமான கர்னல் அதை அழிக்காது. பெயரே இல்லாமல் அது வட்டில் உயிரோடு இருக்கும்.

நம்பிக்கை வரவில்லையா? ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். உங்கள் ஹோம் அடைவுக்குப் போய் 'சிபி /பின்/ஸ்லீப் .' என்று கொடுங்கள். கடைசியில் இருப்பது ஒரு புள்ளி, இந்த இடத்தில் நகலெடு என்று பொருள். அப்புறம் './ஸ்லீப் 600 &' என்று கொடுத்தால் அந்த நகல் பத்து நிமிடத்துக்குப் பின்னணியில் தூங்கத் தொடங்கும். திரையில் ஒரு எண் வரும், அதுதான் அதன் ப்ராசஸ் எண். 4127 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 'ஆர்எம் ./ஸ்லீப்' என்று கோப்பை அழித்துவிடுங்கள். 'எல்எஸ்' போட்டால் கோப்பு இல்லை. 'பிஎஸ் -பி 4127' போட்டால் ப்ராசஸ் இருக்கிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. கடைசியாக 'எல்எஸ் -எல் /ப்ராக்/4127/எக்ஸ்இ' கொடுத்துப் பாருங்கள். அது சுட்டும் பாதையின் கடைசியில், அடைப்புக்குறிக்குள் 'டெலீடட்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி இந்தக் கட்டுரையில் வரும் கருவிகளில் பெரும்பாலானவை அந்த 'டெலீடட்'டைத் தேடித்தான் அலைகின்றன.

நிரல் கோப்புக்கு நடப்பதுதான், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளுக்கும் நடக்கிறது. ஒரு வெப் சர்வர் தொடங்கும்போது ஓபன்எஸ்எஸ்எல், சி லைப்ரரி என்று பத்துப் பதினைந்தை நினைவகத்தோடு இணைத்துக்கொள்ளும். நீங்கள் லைப்ரரியை மாற்றினாலும், இணைத்தது இணைத்ததுதான். ப்ராசஸ் செத்துப் பிறந்தால்தான் புதியதைத் தேடிப் போகும்.

முதலில், அப்டேட் உண்மையிலேயே வந்ததா?

ஓடுவதைச் சோதிக்கும் முன் நிறுவியதைச் சோதித்துவிடுவது நல்லது. டெபியன், உபுண்டு வகையில் 'ஏபிடி பாலிசி' என்று தட்டி, இடம் விட்டு பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். 'இன்ஸ்டால்டு' என்ற வரியும் 'கேண்டிடேட்' என்ற வரியும் ஒரே எண்ணைக் காட்டினால் களஞ்சியத்தில் இருக்கும் புதியது உங்களிடம் வந்துவிட்டது. வேறு வேறாக இருந்தால் எங்கேயோ நின்றுவிட்டது. 'ஏபிடி-மார்க் ஷோஹோல்டு' கொடுத்துப் பாருங்கள். எப்போதோ நீங்களே அந்தப் பேக்கேஜைப் பிடித்து நிறுத்தி வைத்துவிட்டு மறந்திருக்கலாம். உபுண்டுவில் இன்னொரு காரணமும் உண்டு. சில அப்டேட்களை எல்லாருக்கும் ஒரே நாளில் தராமல் படிப்படியாகத் திறந்துவிடுவார்கள். உங்கள் முறை வரும்வரை 'கெப்ட் பேக்' என்று தள்ளி வைத்திருக்கும். இது கோளாறு இல்லை, காத்திருந்தால் வந்துவிடும்.

பதிப்பு எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டு பக்கமும். 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளியானபோது, ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிக்கப்பட்டவை, 1.0.1ஜி தான் திருத்தம் என்று அறிவித்தார்கள். டெபியன்காரர்கள் அப்டேட் போட்டுவிட்டு 'ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷன்' என்று கேட்டால் 1.0.1இ என்றே வந்தது. பதறத் தேவையில்லை. டெபியன், ரெட் ஹாட் போன்றவை நிலையான வெளியீடுகளில் பொதுவாகப் பதிப்பை மாற்றுவதில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்தி, பேக்கேஜ் எண்ணின் வாலைத்தான் மாற்றும். ஆகவே நிரலிடம் பதிப்பு கேட்பதைவிடப் பேக்கேஜின் முழு எண்ணை, வால் உட்பட, உங்கள் டிஸ்ட்ரோவின் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகையின்) பாதுகாப்பு அறிவிப்போடு ஒப்பிடுவதே சரி.

தலைகீழான கதையும் உண்டு. 2024 மார்ச் கடைசியில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பது அம்பலமானது. டெபியன் பழையதற்குத் திரும்ப வேண்டும், ஆனால் ஏபிடி கீழ்நோக்கிப் போகாது. அதனால் எண்ணை '5.6.1+ரியலி5.4.5' என்று வைத்தார்கள். வெளியே 5.6.1, உள்ளே 5.4.5. எண்ணை அரைகுறையாகப் படித்தவர்கள் அந்த வாரம் வீணாகப் பயந்திருப்பார்கள்.

ப்ராசஸின் பிறந்த நேரம்

இதுதான் என் முதல் சோதனை. எந்தக் கூடுதல் கருவியும் வேண்டாம். ப்ராசஸ் எப்போது தொடங்கியது, பேக்கேஜ் எப்போது மாறியது. இந்த இரண்டு நேரங்களை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். அப்டேட்டுக்குப் பிறகு பிறந்த ப்ராசஸ் என்றால் புதியதை எடுத்திருக்கும். முன்பே பிறந்தது என்றால் சந்தேகப்பட வேண்டும்.

சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி நிர்வகிப்பது என்றால் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று தட்டிச் சேவையின் பெயரைக் கொடுங்கள். 'ஆக்டிவ்' என்று தொடங்கும் வரியில் 'சின்ஸ்' என்ற சொல்லுக்குப் பிறகு வரும் தேதிதான் நமக்கு வேண்டியது. சேவையாக இல்லாத எதற்கும் 'பிஎஸ் -இஓ பிஐடி,எல்ஸ்டார்ட்,சிஎம்டி' என்று கொடுங்கள். ஓடும் எல்லா ப்ராசஸ்களும் பிறந்த தேதி, நேரத்தோடு வரிசையாக வரும்.

பேக்கேஜ் மாறிய நேரம் டெபியன் வகையில் '/வார்/லாக்/ஏபிடி/ஹிஸ்டரி.லாக்' கோப்பில் இருக்கும். ஃபெடோரா வகையில் 'ஆர்பிஎம் -க்யூ --லாஸ்ட்' என்று கொடுத்துப் பேக்கேஜ் பெயரைச் சேர்த்தால் நிறுவிய தேதி வரும். ஆர்ச்சில் '/வார்/லாக்/பேக்மேன்.லாக்'.

என் சர்வரில் நடந்தது என்ன என்பது இந்த இரண்டு தேதிகளை அருகருகே வைத்தபோதுதான் புரிந்தது. சான்றிதழ் புதுப்பிக்கும் நிரல் அவ்வப்போது என்ஜின்எக்ஸை 'ரீலோட்' செய்துகொண்டிருந்தது. அதை ரீஸ்டார்ட் என்றே நான் நினைத்திருந்தேன். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் மட்டுமல்ல, பழகியவர்களும் தடுக்கி விழும் இடம் இது.

தேடித்தரும் கருவிகள்

ஒவ்வொரு ப்ராசஸாகத் தேதி பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மொத்தமாகத் தேட, எந்த டிஸ்ட்ரோவிலும் வேலை செய்யும் பழைய வழி 'சூடோ எல்எஸ்ஓஎஃப்' கொடுத்து, குழாய்க்குறி (|) போட்டு, 'க்ரெப் டெல்' என்று வடிகட்டுவது. இங்கே 'டெல்' மூன்று எழுத்தும் பெரிய எழுத்து. பயனர் பெயருக்கு அடுத்து வரும் பத்தியில் அது இருந்தால், வட்டிலிருந்து நீக்கப்பட்ட ஒரு கோப்பை அந்த ப்ராசஸ் இன்னும் நினைவகத்தில் இணைத்து வைத்திருக்கிறது என்று பொருள். முதல் தடவை பார்ப்பவர்களுக்குத் தலைசுற்றும், அத்தனை வரிகள் வரும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். 'மெம்எஃப்டி', '/டெவ்/ஷெம்', '/டிஎம்பி' என்று வருபவை நிரல்கள் தங்கள் வசதிக்காக உருவாக்கி அழித்துக்கொள்பவை. அவற்றுக்கும் அப்டேட்டுக்கும் தொடர்பில்லை. '/யூஎஸ்ஆர்/லிப்' என்று தொடங்கும் பாதைகளை மட்டும் கவனியுங்கள்.

நிரல் கோப்பே மாறியிருந்தால் அதைக் காண 'சூடோ எல்எஸ் -எல் /ப்ராக்/*/எக்ஸ்இ' கொடுத்து, குழாய்க்குறி போட்டு, 'க்ரெப் டெலீடட்' என்று வடிகட்டுங்கள். இடையில் சில வரிகள் படிக்க முடியவில்லை என்று புலம்பும், விட்டுவிடுங்கள்.

இதையே அழகாகச் செய்துதரும் கருவிகள் டிஸ்ட்ரோவுக்கு ஒன்று உண்டு. டெபியன், உபுண்டுவில் 'நீட்ரீஸ்டார்ட்'. 'சூடோ நீட்ரீஸ்டார்ட் -ஆர் எல்' என்று கொடுத்தால் எதையும் தொடாமல் பட்டியல் மட்டும் தரும். உபுண்டு 22.04இல் அப்டேட் முடிந்ததும், எந்தச் சேவைகளை ரீஸ்டார்ட் செய்யலாம் என்று ஒரு பெட்டி திடீரென்று வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதன் வேலைதான். பலர் அது என்னவென்று தெரியாமல் எஸ்கேப் தட்டிவிடுகிறார்கள். தட்டாதீர்கள், படியுங்கள். ஃபெடோரா, ரெட் ஹாட் வகையில் 'டிஎன்எஃப் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் -எஸ்' என்றால் சேவைகளின் பட்டியல், '-ஆர்' என்றால் கணினியையே ரீபூட் செய்ய வேண்டுமா என்ற பதில். ஓபன்சூசேயில் 'சூடோ ஸிப்பர் பிஎஸ் -எஸ்'.

இந்தக் கருவிகளுக்கும் கண் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. பைதான், ரூபி, பெர்ல் போன்ற மொழிகளில் எழுதிய நிரல்கள் தங்கள் மூலக்கோப்பைத் திறந்து, படித்து, உடனே மூடிவிடும். கோப்பைப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. அதனால் மூலக்கோப்பு மாறினாலும் 'டெலீடட்' என்ற அடையாளம் எங்கும் வராது. ஆனால் நினைவகத்தில் ஓடுவது பழைய நிரல்தான். பைதானில் எழுதிய ஒரு வெப் பயன்பாட்டை நீங்கள் நடத்தினால் எல்எஸ்ஓஎஃப்பின் மௌனத்தை நம்ப வேண்டாம். பிறந்த நேரத்தைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

நீட்ரீஸ்டார்ட் இந்த மொழிகளையும் சோதிக்க முயல்கிறது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. 2024 நவம்பரில், அந்தச் சோதனைப் பகுதியிலேயே ஓட்டைகள் இருப்பதாகவும், சாதாரணப் பயனர் அவற்றின் வழியாக ரூட் எனப்படும் முழு அதிகாரம் பெறலாம் என்றும் வெளியானது. பத்தாண்டுகளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. 3.8 பதிப்பில் திருத்தினார்கள். நிலையான வெளியீடுகளுக்கும் திருத்தம் வந்துவிட்டது. காவல்காரனுக்கும் அப்டேட் வேண்டும்.

ரீலோட் வேறு, ரீஸ்டார்ட் வேறு

'சிஸ்டம்சிடிஎல் ரீலோட்' என்பது, அமைப்புக் கோப்பை மறுபடி படி என்று ஓடும் ப்ராசஸிடம் சொல்வது. ப்ராசஸ் சாவதில்லை. என்ஜின்எக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தலைமை ப்ராசஸும் பல வேலையாள் ப்ராசஸ்களும் இருக்கும். ரீலோட் செய்தால் பழைய வேலையாட்கள் போய்ப் புதியவர்கள் வருவார்கள். பிஎஸ் போட்டுப் பார்த்தால் வேலையாட்களின் பிறந்த நேரம் இன்றைய தேதியாகவே இருக்கும். ஆனால் அவர்கள் தலைமையின் நகல்கள். தலைமை ஏழு வாரத்துக்கு முன் இணைத்துக்கொண்ட ஓபன்எஸ்எஸ்எல்தான் அவர்களிடமும் இருக்கும். நான் ஏமாந்தது இப்படித்தான். எனவே பிறந்த நேரம் பார்க்கும்போது பிள்ளையைப் பார்க்காமல் தாயைப் பாருங்கள். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸில் வரும் 'சின்ஸ்' தேதி ரீலோடுக்கு மாறாது என்பதால் அதை நம்பலாம்.

'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' என்று இன்னொன்றும் இருக்கிறது, குழப்புவதற்கென்றே வைத்த பெயர் போல. சேவையின் யூனிட் கோப்புகளை சிஸ்டம்டி மறுபடி படிப்பதற்கு மட்டுமே அது. எந்தச் சேவையையும் அது தொடாது.

ஆகவே லைப்ரரியோ நிரலோ மாறினால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' தான். அதற்கு முன் அமைப்புக் கோப்பில் பிழை இல்லை என்று பார்த்துவிடுங்கள்: என்ஜின்எக்ஸுக்கு 'சூடோ என்ஜின்எக்ஸ் -டி', எஸ்எஸ்ஹெச்சுக்கு 'சூடோ எஸ்எஸ்ஹெச்டி -டி'. இரண்டிலும் கடைசி 'டி', டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து. மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் ஆகாத சேவையில், இடையில் யாரோ செய்த மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்யும் நிமிடத்தில்தான் அது வாயைத் திறக்கும்.

எஸ்எஸ்ஹெச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை ரீஸ்டார்ட் செய்யப் புதியவர்கள் பயப்படுகிறார்கள். தொலைவில் உள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகத்தானே உட்கார்ந்திருக்கிறோம், கிளையை வெட்டினால் விழுந்துவிடுவோமே என்று. விழ மாட்டீர்கள். டிஸ்ட்ரோக்கள் அதை அமைத்திருக்கும் முறைப்படி, கேட்டுக்கொண்டிருக்கும் தலைமை ப்ராசஸ் மட்டும்தான் ரீஸ்டார்ட் ஆகும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இணைப்பு அப்படியே இருக்கும். பழைய பதிப்பிலேயே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்தபின் இந்த இணைப்பை மூடாமல், இன்னொரு டெர்மினலிலிருந்து புதிதாக உள்ளே வர முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வெளியேறுங்கள். சேவையின் பெயர் டெபியன் வகையில் 'எஸ்எஸ்ஹெச்', ஃபெடோரா வகையில் 'எஸ்எஸ்ஹெச்டி'.

ரீஸ்டார்ட் செய்யாமல் விடுவதும் ஆபத்தில் முடியலாம். ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8 வெளியான 2024 ஜூலையில், தீவிரமான ஓர் ஓட்டையை அடைக்க எல்லாரும் அவசரமாக அப்டேட் போட்டார்கள். அந்தப் பதிப்பில் எஸ்எஸ்ஹெச்டியை இரண்டு தனித்தனி நிரல்களாகப் பிரித்திருந்தார்கள். பழைய தலைமை ப்ராசஸ், புதிய இணைப்பு வரும்போது வட்டிலிருக்கும் கோப்பை அழைக்கும். அங்கே இருப்பதோ புதிய அமைப்பு. இரண்டும் ஒட்டவில்லை. அப்டேட் போட்டவுடன் ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் புதிய இணைப்புகள் ஏற்கப்படாது என்று ஆர்ச் லினக்ஸ் தனி அறிவிப்பே போட்டது. பழசும் புதுசும் கலந்து நிற்கும் இந்த இடைநிலைதான் உண்மையில் தொல்லை. மேசைக்கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பேக்கேஜ் மாறினால், புதிய தாவலைத் திறக்கையில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி ஒரு பக்கம் வருவதும் இதனால்தான்.

சிலவற்றைத் தனியாக ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டி-பஸ் அப்படி ஒன்று. அதைத் தொட்டால் மேசைச்சூழலே கலைந்து விழலாம். வரைகலைச் சூழல், ஒலி, அமர்வு சம்பந்தப்பட்டவை பட்டியலில் இருந்தால் லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வருவது போதும். சி லைப்ரரி, அதாவது கிளிப்சி, மாறியிருந்தால் எதையும் யோசிக்காமல் ரீபூட் செய்யுங்கள். 2015 ஜனவரியில் கோஸ்ட் என்ற ஓட்டை கிளிப்சியில் வெளியானபோது எல்லாரும் இதைக் கற்றுக்கொண்டார்கள்: கணினியில் ஓடும் ஏறத்தாழ எல்லா ப்ராசஸும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாக எதை ரீஸ்டார்ட் செய்வது?

கர்னல்

கர்னல் விஷயத்தில் குழப்பமே இல்லை: ரீபூட் செய்யும்வரை பழைய கர்னல்தான். 'யூநேம் -ஆர்' என்றால் இப்போது ஓடுவது எது என்று சொல்லும். 'எல்எஸ் /பூட்' போட்டால் 'விஎம்லினஸ்' என்று தொடங்கும் கோப்புகள் நிறுவப்பட்டவை. அவற்றில் மிகப் புதியதும் யூநேம் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டெபியன் 12இல் ஒரு நுணுக்கம். 'யூநேம் -ஆர்' 6.1.0-18 என்பதுபோல ஒன்றைத் தரும். அது கர்னலின் பதிப்பு இல்லை, இடைமுகத்துக்கு வைத்த பெயர். உண்மையான பதிப்பு 'யூநேம் -வி' போட்டால் வரும். இந்த எடுத்துக்காட்டில் 6.1.76-1 என்றும், பக்கத்தில் 2024-02-01 என்ற தேதியும் இருக்கும். இடைமுகப் பெயர் மாறாமல் உள்ளே திருத்தம் வரவும் வாய்ப்புண்டு என்பதால் '-வி'யைப் பாருங்கள்.

உபுண்டுவில் '/வார்/ரன்/ரீபூட்-ரெக்வயர்ட்' என்ற கோப்பு இருந்தால் ரீபூட் பாக்கி இருக்கிறது. அதே பெயரோடு '.பிகேஜிஎஸ்' சேர்ந்த கோப்பில் எந்தப் பேக்கேஜ்களால் என்ற விவரம் இருக்கும். கோப்பு இல்லாவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறிப்பாக டெபியனில் அதை உருவாக்கும் பேக்கேஜ் நிறுவப்படாமலே இருக்கலாம்.

ஆர்ச்சில் இது இன்னும் கூர்மையாக உறைக்கும். அங்கே புதிய கர்னல் வந்ததும் பழைய கர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது அது ஏற்றிக்கொள்ளும் துண்டுகள்) வட்டிலிருந்து போய்விடும். ரீபூட் செய்யாமல் யூஎஸ்பி பென்டிரைவைச் செருகினால் கணினி கண்டுகொள்ளாமல் இருக்கும். பென்டிரைவ் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கி எறியும் முன் யூநேம் போட்டுப் பாருங்கள்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மூடியை மூடித் திறப்பது ரீபூட் ஆகாது. 'அப்டைம்' என்று தட்டுங்கள். நாற்பது நாள் என்று காட்டினால் நாற்பது நாளாக அதே கர்னலில்தான் இருக்கிறீர்கள்.

ரீபூட் செய்த பிறகும் பழைய கர்னலே வந்தால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று '/பூட்' பிரிவு நிறைந்திருக்கலாம்; 'டிஎஃப் -ஹெச் /பூட்' சொல்லிவிடும். இடமில்லாததால் புதிய கர்னலின் தொடக்கப் படிமம் பாதியில் நின்றிருக்கும். அப்டேட்டின்போது அந்தப் பிழைச்செய்தி மற்ற வரிகளோடு ஓடிப்போயிருக்கும். தேவையற்ற பழைய கர்னல்களை 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்' கொண்டு நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். இரண்டு, கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் எப்போதோ பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து, அதையே நினைவில் வைக்கும்படி அமைத்திருக்கலாம். '/இடிசி/டிஃபால்ட்/க்ரப்' கோப்பில் 'க்ரப் டிஃபால்ட்' வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ரீபூட் செய்ய முடியாத சர்வர்களுக்கு லைவ்பேட்ச் உண்டு. 2015இல் வந்த லினக்ஸ் 4.0 முதல் அதற்கான அடிப்படை கர்னலிலேயே இருக்கிறது. ஓடும் கர்னலில் ஓட்டையான பகுதிக்கு மட்டும் மாற்றுவழி போட்டுவிடும். அப்போது யூநேம் பழைய எண்ணையே காட்டும். உபுண்டுவில் 'கேனானிக்கல்-லைவ்பேட்ச் ஸ்டேட்டஸ்', ரெட் ஹாட்டில் 'கேபேட்ச் லிஸ்ட்' என்று கேட்க வேண்டும். அது கர்னலுக்கு மட்டும்தான். லைவ்பேட்ச் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களின் சர்வரில் கிளிப்சி ஒரு வருடப் பழசாக ஓடிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம்.

தனிக்குடித்தனம் நடத்துபவை

டாக்கர் கண்டெய்னர் என்பது ஒரு நிரலை அதன் தேவைகளோடு சேர்த்து வைத்து ஓட்டும் பெட்டி. அதற்குள் இருக்கும் லைப்ரரிகள் அதன் சொந்தச் சாமான்கள். வெளியே நீங்கள் ஓபன்எஸ்எஸ்எல் அப்டேட் போட்டால் உள்ளே ஒன்றும் மாறாது. கர்னல் மட்டும்தான் பொது. 'டாக்கர் ரீஸ்டார்ட்' கொடுத்தாலும் அதே பழைய படிமத்திலிருந்துதான் மறுபடி கிளம்பும். புதிய படிமத்தை இறக்கி, கண்டெய்னரையே புதிதாக உருவாக்க வேண்டும்: கம்போஸ் பயன்படுத்தினால் 'டாக்கர் கம்போஸ் புல்', அப்புறம் 'டாக்கர் கம்போஸ் அப் -டி' (இந்த 'டி' ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து). 'டாக்கர் பிஎஸ்' பட்டியலில் 'கிரியேட்டட்' பத்தியைப் பாருங்கள். மூன்று மாதம் என்று இருந்தால் அந்தக் கண்டெய்னருக்குள் மூன்று மாதம் அல்லது அதற்கும் முந்தைய உலகம்.

ஸ்நாப், ஃப்ளாட்பேக் இரண்டும் செயலிகளைத் தனிப் பொதிகளாகத் தருபவை. ஸ்நாப் செயலி திறந்திருந்தால் அப்டேட்டைத் தள்ளிப்போடும், 14 நாள் வரை. மூடச் சொல்லி அறிவிப்பு வந்தால் மூடிவிட்டு ஒரு நிமிடம் விட்டுத் திறங்கள். ஃப்ளாட்பேக் தள்ளிப்போடாது, ஆனால் திறந்திருக்கும் செயலி பழைய பதிப்பிலேயே தொடரும். 'ஃப்ளாட்பேக் பிஎஸ்' என்று கேட்டால் எவை ஓடுகின்றன என்று தெரியும். சாளரத்தை மூடினாலும் பின்னணியில் உட்கார்ந்திருக்கும் அரட்டைச் செயலிகளை அதில் பிடிக்கலாம்.

கோ மொழியில் எழுதிய நிரல்கள் பெரும்பாலும் தங்களுக்கு வேண்டிய லைப்ரரிகளை வயிற்றுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருபவை. அவற்றுக்கு லைப்ரரி அப்டேட்டோ ரீஸ்டார்ட்டோ உதவாது. நிரலையே மறுபடி கட்டிய புதிய பேக்கேஜ் வர வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் பழைய பதிப்பு என்கிறதே?

ப்ராசஸ் புதிது, பேக்கேஜ் புதிது, ஆனாலும் டெர்மினலில் கேட்டால் பழைய எண் வருகிறது என்றால் ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் இருக்கின்றன. 'டைப் -ஏ' என்று தட்டி நிரலின் பெயரைக் கொடுங்கள். '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' அடைவில் ஒன்று, '/யூஎஸ்ஆர்/பின்' அடைவில் ஒன்று என்று இரண்டு வரி வரும். முதலில் வருவதுதான் ஓடும். நீங்களே எப்போதோ மூலத்திலிருந்து கட்டி வைத்ததோ, பைதானின் பிப் மூலம் நிறுவியதோ முன்னால் நின்று வழி மறிக்கிறது. அதைப் பேக்கேஜ் மேலாளருக்குத் தெரியாது. எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

நீக்கிய கையோடு மறுபடி தட்டினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று, டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் பாஷ் கோபித்துக்கொள்ளலாம். பழைய பாதையை அது நினைவில் வைத்திருக்கிறது. 'ஹாஷ் -ஆர்' என்று கொடுங்கள், மறந்துவிடும்.